வதந்திக்கு எப்படிப் பதில் சொல்றது? வடசென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தண்டையார்பேட்டையில் சாயங்காலம் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். தெருமுனையிலும் பள்ளிக்கூடங்களிலும் அறிவியல் பேசப் போகிற ஒரு சின்னக் கூட்டத்திலும் நான் உண்டு. எங்கே போனாலும் கேட்கிற ஆட்கள் மாறுகிறார்கள், கேள்வி மட்டும் மாறுவதில்லை. காலேஜ் பிள்ளைகள், அங்கன்வாடி ஊழியர்கள், சுயஉதவிக் குழு அக்காக்கள், காசிமேட்டில் மீன் ஏலம் எடுக்கிறவர்கள் என்று பலர் கேட்டதை அவர்கள் கேட்ட மாதிரியே போட்டு, கீழே பதில் எழுதியிருக்கிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம்ம ஏரியாவில் பரவுகிற பொய்கள் பலவற்றுக்கு அடியில் ஏதோ ஒரு நிஜம் கிடக்கிறது. பொய்யைத் துடைக்கிறேன் என்று அந்த நிஜத்தையும் சேர்த்துத் துடைத்தால் அடுத்த தடவை நம் பேச்சை யாரும் காதில் வாங்க மாட்டார்கள்.

நான் பி.காம். நான் போய் சயின்ஸ் பேசினா யாரு கேப்பாங்க?

கேட்பார்கள். டிவியில் வருகிற நிபுணரை உங்கள் தெருவுக்குத் தெரியாது, உங்களைத் தெரியும். ஆனால் ஒரு கண்டிஷன் இருக்கிறது: தெரிந்ததை மட்டும் சொல்ல வேண்டும், தெரியாததற்கு "கேட்டுச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு நிஜமாகவே கேட்டுவந்து சொல்ல வேண்டும். இரண்டாவதைத்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள்.

வாட்ஸ்அப்ல ஒண்ணு வந்தா அது உண்மையா பொய்யான்னு முதல்ல எப்படிப் பாக்குறது?

தேதி, ஊர், சொன்னது யார் என்ற மூன்றையும் தேடுங்கள். "நேற்று", "சற்றுமுன்", "அவசரம்" என்று இருந்து, எந்த நேற்று என்று இல்லாவிட்டால் அது எந்த வருஷத்துச் சரக்காகவும் இருக்கலாம். மழைக்காலத்தில் வருகிற வெள்ள வீடியோக்களில் பல, வேறு மாநிலம், சில சமயம் வேறு நாடு. வீடியோவை நிறுத்தி ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து கூகுள் லென்ஸில் போட்டால் பழைய படமாக இருந்தால் பெரும்பாலும் மாட்டிக்கொள்ளும். கடைப் பலகையில் என்ன மொழி, வண்டி நம்பர் எந்த மாநிலம் என்று பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும், அதற்கு ஆப் எதுவும் வேண்டாம்.

மெசேஜுக்கு மேலே இரட்டை அம்புக்குறி இருந்தால் அது பலமுறை கைமாறி வந்தது என்று அர்த்தம். அப்படிப்பட்டதை ஒரு நேரத்தில் ஒரு சாட்டுக்கு மட்டும்தான் அனுப்ப முடியும் என்று 2020 ஏப்ரலில் வாட்ஸ்அப் கட்டுப்பாடு கொண்டுவந்தது. இரட்டை அம்பு இருந்தாலே பொய் என்று சொல்லிவிட முடியாது, கொஞ்சம் நின்று பார் என்பதற்கு அது போதும்.

குடும்ப குரூப்புல மாமியார் அனுப்புறாங்க. எல்லார் முன்னாடியும் "இது பொய் அத்தை"ன்னு போட முடியுமா?

போடாதீர்கள். தனியாக மெசேஜ் போடுங்கள், முடிந்தால் போன் பண்ணுங்கள். "அத்தை, இது எனக்கும் வந்துச்சு, பார்த்தா 2018 வீடியோவாம்" என்று சொன்னால் அவரே குரூப்பில் அழித்துவிடுவார், சில சமயம் "நான் அப்பவே சந்தேகப்பட்டேன்" என்றும் சொல்வார், சொல்லட்டும். உயிருக்கு ஆபத்தான விஷயமாக, உதாரணத்துக்கு ஏதோ ஒரு மருந்தை நிறுத்தச் சொல்லி வந்தால் மட்டும் குரூப்பிலேயே, அனுப்பியவர் பெயரை எடுக்காமல், சரியான தகவலைப் போடுங்கள்.

புழல் ஏரி உடைஞ்சிடுச்சுன்னு வருஷா வருஷம் ஐப்பசி கார்த்திகையில வருதே, அதுக்கு இன்னா பதில்?

"வதந்திகளை நம்பாதீர்கள்" என்று ஒற்றை வரி போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். வடபெரும்பாக்கத்திலோ சடையங்குப்பத்திலோ இருக்கிறவருக்கு ராத்திரி பதினோரு மணிக்கு வேண்டியது அந்த வரி இல்லை. தண்ணீர் வருமா, எவ்வளவு வரும், கட்டிலை உயர்த்தணுமா என்பதுதான் அவர் கேள்வி. அதற்குப் பதில் சொல்லுங்கள்.

முதலில் நிஜத்தைச் சொல்லுங்கள்: ஏரி உடையவில்லை, ஷட்டரைத் திறந்திருக்கிறார்கள். புழல் ஏரியின் முழு உயரம் 21.20 அடி, கொள்ளளவு 3,300 மில்லியன் கன அடி. மழை நிற்காமல் நீர்வரத்து கூடிக்கொண்டே போனால், நிரம்பி வழிகிற வரைக்கும் காத்திருக்காமல் முன்னாடியே கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவிடுவார்கள், அப்போதுதான் கரை பத்திரமாக இருக்கும். திறந்த தண்ணீர் நாரவாரிக்குப்பம், வடகரை, கிராண்ட்லைன், வடபெரும்பாக்கம், மஞ்சம்பாக்கம், கொசப்பூர், மணலி, சடையங்குப்பம் வழியாகப் போய் எண்ணூர் பக்கம் கடலில் சேரும். இந்த ஊர்ப் பெயர்களைச் சொல்வது முக்கியம். பட்டியலில் இருக்கிறவர் சாமானை ஏற்றி வைப்பார், இல்லாதவர் நிம்மதியாகத் தூங்குவார், இரண்டுமே நல்ல காரியம்தான்.

அப்புறம் கன அடி. விநாடிக்கு 500 கன அடி என்று செய்தியில் வந்தால் அது சிறுசா பெரிசா என்று யாருக்கும் புரிவதில்லை. ஒரு கன அடி சுமார் 28 லிட்டர், ஆகவே 500 கன அடி என்றால் ஒவ்வொரு நொடிக்கும் 14,000 லிட்டர் சொச்சம், கிட்டத்தட்ட நொடிக்கு ஒரு பெரிய தண்ணி லாரி காலியாகிற கணக்கு. இப்படிச் சொன்னால் பயமாகத்தான் இருக்கும், பரவாயில்லை, கால்வாய் ஓரம் இருக்கிறவர் கொஞ்சம் பயப்பட வேண்டியதுதான். நேற்று எத்தனை கன அடி, இன்று எத்தனை என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துச் சொன்னால் கூடுகிறதா குறைகிறதா என்று அவர்களே பார்த்துக்கொள்வார்கள். கடைசியாக ஒருமுறை: உடையவில்லை, திறந்திருக்கிறார்கள்.

பொய்யை எடுத்துச் சொல்லி மறுத்தா அதுவே இன்னும் பரவும்னு ஒரு சார் சொன்னாரு. அப்போ பேசாம இருக்கணுமா?

அந்த சார் சொன்னதில் பாதி சரி. திரும்பத் திரும்பக் கேட்ட விஷயம் நிஜம் மாதிரித் தோன்றும் என்பதை 1977இல் அமெரிக்காவில் மாணவர்களை வைத்துச் சோதித்துப் பார்த்தார்கள். இரண்டு வார இடைவெளியில் மறுபடி மறுபடி காட்டிய வாக்கியங்களை, உண்மையோ பொய்யோ, மாணவர்கள் மேலும் மேலும் நம்பினார்கள். அதனால்தான் "ஏரி உடைந்ததா?" என்று தலைப்பு போட்டுக் கீழே பொடி எழுத்தில் "இல்லை" என்பது வேலைக்கு ஆகாது. நிறையப் பேர் தலைப்போடு நிறுத்திவிடுகிறார்கள்.

ஆனால் மறுப்புச் சொன்னால் மக்கள் வீம்புக்குப் பொய்யையே இறுக்கிப் பிடிப்பார்கள் என்று 2010இல் வந்த ஓர் ஆய்வை வைத்து எல்லாரும் பயந்தார்கள் பாருங்கள், அது பிறகு நிற்கவில்லை. 2019இல் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் 52 விஷயங்களில் சோதித்தபோது அப்படி நடக்கவில்லை, பெரும்பாலும் மறுப்பு வேலை செய்தது. ஆகவே பேசுங்கள். புழல் பதிலில் போன வரிசையைப் பாருங்கள்: நிஜம் முதலில், பொய் நடுவில் ஒரே ஒரு தடவை, எதனால் அப்படித் தோன்றியது என்ற காரணம், மறுபடி நிஜம். இன்னொன்று, பொய்ப் படத்தின் மேல் சின்னதாகச் சிவப்பு முத்திரை குத்தித் திரும்ப அனுப்பாதீர்கள். அடுத்தவன் முத்திரையை வெட்டிவிட்டுப் படத்தை மட்டும் அனுப்புவான்.

ரேஷன் அரிசில பிளாஸ்டிக் கலந்திருக்குன்னு எங்க ஆயா அடம் பிடிக்குது. தண்ணில போட்டா நெஜமாவே மிதக்குதே!

ஆயா பார்த்தது சரி. மிதக்கிறது, நிறமும் கொஞ்சம் வேற மாதிரி. இதை ஒத்துக்கொண்டு பேச்சை ஆரம்பிக்காவிட்டால் ஆயா உங்களை வாசலோடு அனுப்பிவிடும். "பிளாஸ்டிக் இல்லை" என்பதோடு நிறுத்தினால் "அப்போ அது இன்னா?" என்கிற கேள்வி அப்படியே நிற்கிறது, அந்தக் காலி இடத்தில் பழைய பொய்யே திரும்ப வந்து உட்கார்ந்துகொள்ளும். 1994இல் வந்த ஒரு சோதனை இதை அழகாகக் காட்டியது. கிடங்கு ஒன்றில் தீ, அலமாரியில் பெயின்ட் டப்பாவும் கேஸ் சிலிண்டரும் இருந்ததாம் என்று கதை சொல்லிவிட்டு, பிறகு "இல்லை, அலமாரி காலி" என்றார்கள். ஆனாலும் புகை ஏன் கறுப்பாக வந்தது என்று கேட்டால் ஆட்கள் பெயின்ட்டையே சொன்னார்கள். தீ பிடித்ததற்கு வேறு காரணத்தைக் கொடுத்த பிறகுதான் பெயின்ட்டை விட்டார்கள்.

சரி, அது என்ன? செறிவூட்டிய அரிசி. அரிசி மாவில் இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 கலந்து, மெஷினில் பிழிந்து அரிசி வடிவத்தில் செய்த மணிகள். நூறு கிலோவுக்கு ஒரு கிலோ என்ற கணக்கில் சாதா அரிசியில் கலந்தவை. மாவைப் பிழிந்து செய்ததால் சாதா அரிசி மாதிரி கெட்டியாக இருக்காது, சிலது மிதக்கும். அந்த மணிகளைப் பொறுக்கி ஒரு மணி நேரம் ஊறவைத்து விரலால் நசுக்கச் சொல்லுங்கள், மாவாகப் போகும். நசுக்கின மாவில் காயத்துக்குப் போடுகிற பீட்டாடின் ஒரு சொட்டு விடச் சொல்லுங்கள், கருநீலமாக மாறும். மாவுச்சத்து அயோடினைப் பார்த்தால் அப்படித்தான் செய்யும், பள்ளிக்கூடத்தில் எல்லாரும் பார்த்ததுதான். பிளாஸ்டிக் நசுங்கவும் செய்யாது, நீலமாகவும் ஆகாது. ஆயாவே தன் கையால் செய்யட்டும், நீங்கள் செய்து காட்டினால் "ஏதோ வித்தை காட்டுது" என்று போய்விடும். சோதித்த அரிசியை மட்டும் கொட்டிவிடுங்கள்.

இதில் இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். மிதக்கிறதைக் கழுவும்போது பொறுக்கிப் போட்டுவிட்டால் சத்தெல்லாம் சாக்கடைக்குப் போகிறது. அதே சமயம் தலசீமியா மாதிரி ரத்தக் கோளாறு இருக்கிறவர்களுக்கு உடம்பில் இரும்புச்சத்து சேர்ந்துபோவது ஒரு பிரச்சனை, அவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். எல்லாருக்கும் ஒரே மாதிரி இரும்புச்சத்து கொடுப்பது சரியா என்று மருத்துவர்களுக்குள்ளேயே விவாதம் இருக்கிறது. அதை மறைக்காதீர்கள். "பிளாஸ்டிக்" என்பது பொய், "இது எதுக்கு, எங்ககிட்ட ஏன் முன்னாடியே சொல்லல" என்பது நியாயமான கேள்வி.

கிரகணத்தன்னிக்கு உலக்கை தானா நிக்குது. என் கண்ணால பாத்தேன். இதுக்கு இன்னா சொல்ற?

நின்றது நிஜம். அடுத்த செவ்வாய்க்கிழமையும் அதே தாம்பாளத்தில் நிறுத்திப் பாருங்கள், அன்றைக்கும் நிற்கும். அடி தட்டையாக இருந்து எடை நேர்க்கோட்டில் விழுந்தால் எந்த நாளும் நிற்கும். கிரகணத்தன்று மட்டும்தான் நாம் நிறுத்திப் பார்க்கிறோம் என்பதுதான் விஷயம். ஆயா அரிசி மாதிரியே இதிலும் அவர்கள் கையாலேயே செய்ய வைப்பதுதான் வழி.

ஒரு எச்சரிக்கை. உலக்கையைக் கிண்டலடிக்கிற வேகத்தில் "கிரகணத்துல ஒண்ணும் இல்லை, வெளியே வந்து பாரு" என்று பிள்ளைகளை வெறும் கண்ணால் சூரியனைப் பார்க்க விட்டுவிடாதீர்கள். விழித்திரை வெந்துபோனால் வலிகூடத் தெரியாது, பார்வை போகும். சூரிய கிரகணத்துக்கு அதற்கென்று செய்த கண்ணாடி வேண்டும், எக்ஸ்ரே ஃபிலிமும் கூலிங் கிளாஸும் ஆகாது. சந்திர கிரகணத்தைத் தாராளமாக வெறும் கண்ணால் பார்க்கலாம்.

ரெட் அலர்ட்னு லீவு விட்டாங்க, ஒரு தூறல் இல்ல. இனிமே வானிலைக்காரன் சொன்னா யாரு நம்புவா?

2024 அக்டோபர் 16ஐச் சொல்கிறீர்கள் என்று நினைக்கிறேன். முந்தின நாள் நம்ம பக்கம் கொட்டித் தீர்த்தது, மறுநாளுக்கு ரெட் அலர்ட், வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் கார்களைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள், ஆனால் அன்றைக்கு மழை ஓய்ந்துவிட்டது. தாழ்வு மண்டலம் கொஞ்சம் வடக்கே தள்ளி 17ஆம் தேதி காலையில் கரையேறியது. கடலில் சில பத்து கிலோமீட்டர் விலகினால் நகரத்துக்கு அது வெள்ளமா வெயிலா என்பதே மாறிவிடும்.

ரெட் அலர்ட் என்றால் 24 மணி நேரத்தில் 20 சென்டிமீட்டருக்கு மேல் பெய்ய வாய்ப்பு பலமாக இருக்கிறது, தயாராகச் செயல்படு என்று அர்த்தம். கட்டாயம் பெய்யும் என்று யாரும் பத்திரம் எழுதித் தரவில்லை. இதை மழை வருவதற்கு முன்னாடியே சொல்லிவைப்பதுதான் புத்திசாலித்தனம். "நாளைக்கு வரலாம், வராமலும் போகலாம், வந்தா இடுப்பளவு தண்ணி, அதனால ரெடியா இருப்போம்" என்று நேற்றே சொன்னவரை இன்று யாரும் பொய்யர் என்று சொல்ல முடியாது. உறுதியாக அடித்துச் சொல்லிவிட்டு அப்புறம் விளக்கம் கொடுப்பதுதான் பேரைக் கெடுக்கும்.

டெங்குக்கு நிலவேம்பு, பப்பாளி இலைன்னு எல்லாத்தையும் தப்புன்னு சொல்லணுமா? வீட்ல சண்டை வருது.

சண்டை வேண்டாம். நிலவேம்புக் குடிநீரை அரசாங்கமே கொடுத்த ஊரில் இருந்துகொண்டு அதை வைத்து மல்லுக்கட்டுவது வீண். நான் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: இதைக் குடித்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருப்பீர்களா, போவீர்களா? போவேன் என்றால் பேச்சை அங்கேயே விட்டுவிட்டு, எப்போது ஓட வேண்டும் என்பதைச் சொல்லிக்கொடுங்கள். டெங்குவில் ஜுரம் விட்ட பிறகுதான் ஆபத்தான நேரம் ஆரம்பிக்கும். "ஜுரம் விட்டுடுச்சு, கஷாயம் வேலை செஞ்சுது" என்று நிம்மதியாக உட்காரும் அந்த ஓரிரு நாளில்தான் கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், ஒரேயடியான சோர்வு என்று வரும். வந்தால் உடனே ஆஸ்பத்திரி. வலிக்கு ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் கூடாது, ரத்தக்கசிவைக் கூட்டும், பாராசிட்டமால்தான்.

இது தெரிந்தால் போதும், பப்பாளி இலையை மிக்சியில் போடுகிறவரோடு சண்டை போட அவசியமே வராது.

தடுப்பூசி போட்டா ஆட்டிசம் வரும், பின்னால குழந்தை பொறக்காதுன்னு சொல்றாங்க. அம்மாங்ககிட்ட எப்படிப் பேசுறது?

2017 பிப்ரவரியில் தட்டம்மை-ரூபெல்லா ஊசி முகாம் நடந்தபோது தமிழ்நாடு முழுக்க இந்த மாதிரி வாட்ஸ்அப்பில் பறந்தது, பள்ளிக்கூடத்தில் ஊசி போடுகிறார்கள் என்று தெரிந்ததும் அன்றைக்குப் பிள்ளையை வீட்டிலேயே நிறுத்திக்கொண்டார்கள், முகாமையே நீட்டிக்க வேண்டியிருந்தது. ஆட்டிசக் கதை எங்கிருந்து வந்தது என்றால், 1998இல் லண்டனில் ஆண்ட்ரூ வேக்ஃபீல்ட் என்ற டாக்டர் வெறும் 12 பிள்ளைகளை வைத்து எழுதின ஒரு கட்டுரை. அதில் தில்லுமுல்லு இருந்தது தெரிந்து அதை வெளியிட்ட மருத்துவ இதழே 2010இல் வாபஸ் வாங்கியது, அவருடைய டாக்டர் பதிவும் போனது. டென்மார்க்கில் ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பல வருஷம் தொடர்ந்து பார்த்து 2019இல் வெளியிட்டார்கள்: ஊசி போட்ட பிள்ளைகளுக்கும் போடாத பிள்ளைகளுக்கும் ஆட்டிசத்தில் வித்தியாசமே இல்லை.

இதையெல்லாம் நீங்கள் தெரிந்து வைத்திருங்கள், ஆனால் எடுத்த எடுப்பில் கொட்டாதீர்கள். முதலில் "உங்களுக்கு எது பயமா இருக்கு?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும், இதுதான் கஷ்டமான பகுதி. கொருக்குப்பேட்டையில் ஒரு அம்மா ஆட்டிசம் ஆட்டிசம் என்றே சொல்லிக்கொண்டிருந்தார். அங்கன்வாடி அக்கா பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகக் கேட்டதில் விஷயம் வேறாக இருந்தது. மூத்தவனுக்கு ஊசி போட்ட ராத்திரி ஜுரம் அடித்திருக்கிறது, வீட்டுக்காரர் கடலுக்குப் போயிருக்கிறார், தனியாக விடிய விடிய உட்கார்ந்திருக்கிறார், ஜுரம் வரும் என்று யாரும் முன்னாடியே சொல்லவில்லை. அவருக்கு டென்மார்க் ஆய்வு எதற்கு? ஊசி போட்ட இடம் வீங்கலாம், ஜுரம் வரலாம், தட்டம்மை ஊசிக்கு ஒரு வாரம் கழித்துக்கூட லேசாகத் தடிப்பு வரலாம், எவ்வளவு சிரப் கொடுக்கணும், எப்போ தூக்கிக்கொண்டு வரணும், ராத்திரியில் 104 என்ற மருத்துவ உதவி எண்ணுக்குப் போன் பண்ணலாம் என்று சொன்னதும் அவர் சரி என்றார்.

கருவாடு சாப்பிட்டா கேன்சர்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லிடுச்சாமே? எங்க வீட்டுப் பொழப்பே அதான்.

புற்றுநோய் வரவைக்கிறவை என்று அந்த நிறுவனம் போட்டிருக்கிற பட்டியலில் "சீன முறை உப்பு மீன்" முதல் பிரிவில் இருப்பது நிஜம், மூக்குக்குப் பின்னால் தொண்டையில் வருகிற ஒருவகைப் புற்றுநோய்க்காக. தென் சீனப் பகுதி மக்கள் குழந்தையிலிருந்தே சாப்பிடுகிற, காயவைக்கும் முன் கொஞ்சம் புளித்துப்போக விடுகிற மீனைப் பற்றிய ஆய்வுகளை வைத்துச் சொன்னது அது. காசிமேட்டுக் கருவாடு என்று எழுதியவர் வாட்ஸ்அப்பில் நடுவில் புகுந்தவர். கருவாட்டில் உப்பு ஜாஸ்தி, பிரஷர் இருக்கிறவர்கள் குறைத்துக்கொள்ள வேண்டும், அது வேறு விஷயம், அதை ஒளிக்க வேண்டியதில்லை.

இந்தப் பிரிவு விவகாரத்தில்தான் படித்தவர்களே வழுக்குகிறார்கள். முதல் பிரிவு என்றால் "புற்றுநோய் வரும் என்பதற்கு ஆதாரம் உறுதி" என்று அர்த்தம், எவ்வளவு பேருக்கு வரும் என்று அது சொல்லாது. சிகரெட்டும் அதே பிரிவு, வெயிலும் அதே பிரிவு. எத்தனை பேருக்கு எத்தனை பேர் என்று கேட்காமல் எந்தச் சதவீதத்தையும் நம்பாதீர்கள், சொல்லவும் செய்யாதீர்கள். 1995இல் பிரிட்டனில் ஒருவகைக் கருத்தடை மாத்திரை ரத்தக்கட்டு ஆபத்தை 100 சதவீதம் கூட்டுகிறது என்று எச்சரித்தார்கள். நிஜத்தில் 7,000 பேரில் ஒருத்தருக்கு இருந்தது 7,000 பேரில் இரண்டு பேர் ஆனது, அவ்வளவுதான். பயந்துபோய் மாத்திரையை நிறுத்தியதில் அடுத்த வருஷம் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 13,000 கருக்கலைப்பு அதிகமானதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். யாரும் பொய் சொல்லவில்லை, கணக்கைச் சொன்ன விதம்தான் அந்தக் கூத்தைப் பண்ணியது.

கொரோனாவுல முதல்ல மாஸ்க் எல்லாருக்கும் வேணாம்னாங்க, அப்புறம் போடுன்னாங்க. மாத்தி மாத்திப் பேசுறவங்களை எப்படி நம்புறது?

மாற்றியது நிஜம். பொதுமக்களும் நெரிசலான இடத்தில் துணி மாஸ்க் போடலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொன்னது 2020 ஜூன் 5ஆம் தேதி. நோய் புதுசு, அறிகுறி இல்லாதவர்களும் பரப்புகிறார்கள் என்பது போகப்போகத்தான் தெளிவானது, கூடவே ஆஸ்பத்திரி ஊழியர்களுக்கே மாஸ்க் பற்றாக்குறை. இதில் என் குறை என்னவென்றால், முதலில் சொன்னபோதே "இன்றைக்குத் தெரிந்ததை வைத்துச் சொல்கிறோம், மாறலாம்" என்று சொல்லியிருக்க வேண்டும், பற்றாக்குறை என்றால் பற்றாக்குறை என்றே சொல்லியிருக்க வேண்டும். ரெட் அலர்ட் பதிலில் சொன்னது இதற்கும் பொருந்தும்.

டாக்டரே வீடியோவுல பேசுறாரு, சுகர் மாத்திரையை நிறுத்தச் சொல்றாரு. ஏஐன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

உதட்டசைவை உற்றுப் பார்த்துக் கண்டுபிடிக்கிற காலம் போய்க்கொண்டிருக்கிறது, அதை நம்பாதீர்கள். அவர் கடைசியில் என்ன செய்யச் சொல்கிறார் என்று பாருங்கள். ஏற்கெனவே போடுகிற மருந்தை நிறுத்து, இந்த லிங்க்கில் இதை வாங்கு என்று இரண்டும் சேர்ந்து வந்தால் முகம் யாருடையதாக இருந்தாலும் சரி, அது விளம்பரம்.

எண்ணூர்ல வாயு கசிஞ்சப்ப நாங்க பேசினா "வதந்தி பரப்பாதே"ன்னு வாயை அடைச்சாங்க. அப்போ நீங்களும் அவங்க ஆளா?

இந்தக் கேள்வி வராத கூட்டமே இல்லை, வரவும் வேண்டும். 2023 டிசம்பர் 26 நள்ளிரவு நெருங்கும்போது உரத் தொழிற்சாலைக்குக் கப்பலிலிருந்து அம்மோனியா கொண்டுவருகிற கடலடிக் குழாயில் கசிவு. பெரியகுப்பம் பக்கம் கண் எரிச்சல், மூச்சுத் திணறலோடு ஜனங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடிவந்தார்கள், சிலரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அதே மாதத் தொடக்கத்தில்தான் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து எண்ணூர் கழிமுகத்தில் படிந்து வலையெல்லாம் நாசமானது. இதையெல்லாம் பார்த்த ஊரில் போய் "அறிவியல்பூர்வமாகச் சிந்தியுங்கள், பயப்படாதீர்கள்" என்று பேசினால் அடிக்க வருவார்கள், வரத்தான் செய்வார்கள்.

வாயு கசிகிறது என்று முதலில் சொல்வது மூக்குதான், மிஷின் இல்லை. அம்மோனியா ரொம்பக் குறைந்த அளவிலேயே நெடி காட்டிவிடும். ஆகவே "நெடி வருது" என்று சொல்வது தகவல், அதை யாரும் தடுக்கக் கூடாது. "ஊரே செத்துப்போச்சு", "போபால் மாதிரி ஆகப்போவுது" என்று அதன் மேல் ஏற்றுவதுதான் வதந்தி, கூட்டம் ஒரே ரோட்டில் முண்டியடித்து ஓடினால் அதிலேயே ஆள் சாகும். அந்த நேரத்தில் பரப்ப வேண்டியது இதுதான்: துணியை நனைத்து மூக்கையும் வாயையும் மூடு, அம்மோனியா தண்ணீரில் நன்றாகக் கரையும். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து அதற்குக் குறுக்காக விலகிப் போ. கண் எரிந்தால் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே இரு.

அதிகாரி வந்து "பாதிப்பு ஒன்றுமில்லை" என்றால் மூன்று கேள்வி கேளுங்கள்: எந்த வாயு, எங்கே எத்தனை மணிக்கு அளந்தீர்கள், அளவு எவ்வளவு, அனுமதித்த அளவு எவ்வளவு. கணக்காகப் பார்த்தால் நாலு கேள்வி, பரவாயில்லை. 2020 ஆகஸ்டில் லெபனான் நாட்டின் பெய்ரூட்டில் அம்மோனியம் நைட்ரேட் என்ற ரசாயனம் வெடித்த பிறகு, மணலியில் அதே சரக்கு சுமார் 700 டன் பல வருஷமாகக் கிடப்பது வெளியே வந்தது. "நாளைக்கே வெடிக்கும்" என்று வந்த மெசேஜ்கள் தப்பு, கடும் சூடோ தீயோ கலப்படமோ இல்லாமல் அது தானாக வெடிக்காது. "வீடுகளுக்குப் பக்கத்துல இத்தனை டன் ஏன் கிடக்குது" என்று கேட்டவர்கள் சரி, அவர்கள் கேட்டதும் சில நாளில் அது லாரி லாரியாக ஹைதராபாத்துக்குப் போனது. என்னை யார் ஆள் என்று கேட்டவருக்கும் இந்தக் கதையைத்தான் சொன்னேன்.

எவ்வளவு சொன்னாலும் ஒருத்தர் கேக்கவே மாட்டேன்றாரு. விட்டுடலாமா?

அவரை விட்டுவிடலாம், சுற்றி நின்று கேட்கிறவர்களை விடாதீர்கள். டீக்கடையில் ஒருத்தர் கத்திக்கொண்டிருப்பார், பக்கத்தில் நாலு பேர் ஒன்றும் பேசாமல் வடை தின்றுகொண்டிருப்பார்கள், உங்கள் பதில் அந்த நாலு பேருக்கு. குரலை உயர்த்தாமல் ஒரு தடவை முழுசாகச் சொல்லிவிட்டு, "நீங்களும் பாருங்க அண்ணே" என்று நிறுத்திக்கொள்ளுங்கள். அவரோடு சாயங்காலம் வழக்கம்போல கேரம் ஆடுங்கள், வெள்ளம் வந்தால் அவர் வீட்டுக் கட்டிலையும் நீங்கள்தான் தூக்கி வைக்கப்போகிறீர்கள்.